தன்னைச் செய்பவனையும் தானே செய்யும் கலம்: றொபேட் றோசனின் கணிதம்

இரத்த வங்கியில் இருக்கும் ஒவ்வொரு பை இரத்தத்துக்கும் ஒரு காலாவதித் திகதி உண்டு. அதில் சேர்க்கப்படும் பாதுகாப்புத் திரவத்தைப் பொறுத்து அது 35 நாட்களாகவோ 42 நாட்களாகவோ இருக்கும். ஒரு பை இரத்தத்துக்காக வைத்தியசாலை வாசலில் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் திகதி ஏன் இருக்கிறது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

உடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள்தான். முதிர்ந்த செங்குருதிக் கலத்துக்குள் கரு இல்லை. புரதம் செய்யும் இறைபோசோம் இல்லை. இழைமணியும் இல்லை. ஈமோகுளோபினுக்கு இடம்விட்டு எல்லாவற்றையும் அது வெளியே எறிந்துவிடுகிறது. குளுக்கோசை உடைத்துச் சக்தி எடுப்பதற்கான நொதியங்கள் மட்டும், பிறக்கும்போது கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதி மாதிரி, கூடவே வருகின்றன. அந்த நொதியங்களில் ஒன்று பழுதானால் புதிதாக இன்னொன்றைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. வேலை நடக்கிறது, வேலை செய்பவர் களைத்துப் போகிறார், பதிலாள் வருவதில்லை. கடைசியில் மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள வேறு கலங்கள் அதை விழுங்கிவிடுகின்றன.

இதற்கு மாறாக எமது ஈரல் கலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் புரதங்கள் ஓயாமல் சிதைக்கப்பட்டு, ஓயாமல் புதிதாகச் செய்யப்படுகின்றன. சில புரதங்களின் ஆயுள் நிமிடக்கணக்கு, சிலவற்றினது நாட்கணக்கு. சில கிழமைகள் கழித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பெரும்பாலான பொருள் மாறியிருக்கும். ஆனால் அது அதே ஈரல் கலம்தான்.

பொருள் எல்லாம் மாறியும் எது மாறாமல் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு நுணுக்குக்காட்டியால் அல்ல, தூய கணிதத்தால் பதில் சொல்ல முனைந்தவர் அமெரிக்காவின் றொபேட் றோசன். 1934 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் பிறந்து 1998 இல் மறைந்தவர். 1958 இல், கலாநிதிப் பட்டம் பெறுவதற்கு முன்பே, அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் உயிர்க்கலத்தைச் சில அம்புக்குறிகளாகச் சுருக்கிக் காட்டின. கணித உயிரியலுக்கு வெளியே அவரை இன்றும் அதிகம் பேருக்குத் தெரியாது.

கணிதத்தைக் கண்டு பயந்து கலைப்பிரிவுக்கு ஓடி, ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றவன் நான். அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரங்கள் இருக்காது. ஆனால் ஓர் இடத்தில் வாசகர்கள் சற்று நின்று நிதானிக்க வேண்டியிருக்கும்.

அகதியாய் வந்த ஆசிரியர்

றோசனின் ஆசிரியர் நிக்கொலஸ் றஷெவ்ஸ்கி. இன்றைய உக்ரேனின் செர்னிகிவில் 1899 இல் பிறந்த பௌதிகவியலாளர். ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றவர். 1920 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குத் தப்பியோடி, அங்கே கற்பித்து, பின்னர் பிராக் நகரத்துக்குப் போய், 1924 இல் அமெரிக்காவை அடைந்தார். 1930களில் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1939 இல் கணித உயிர்ப்பௌதிகத்துக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடக்கினார். றோசனின் 1958 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் அதில்தான் வெளிவந்தன.

றஷெவ்ஸ்கி முதலில் செய்தது வேறு வேலை. கலம் பிரிவதை, நரம்பு துடிப்பதை, ஒவ்வொன்றாகப் பௌதிகச் சமன்பாடுகளில் எழுதினார். அவை தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாலும் உயிர் என்ற முழுமை அங்கே வரவில்லை. 1954 இல் அவர் திசையை மாற்றினார். பொருளை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு, எது எதனோடு என்ன உறவில் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம் என்றார். இதற்கு அவர் வைத்த பெயர் உறவுநிலை உயிரியல்.

அந்தக் காலத்துக் காற்று எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாசிகள் கையிலெடுத்த ஒஸ்திரியாவை விட்டு வெளியேறி டப்ளினில் தஞ்சமடைந்த பௌதிகவியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர், 1943 இல் அங்கே ஆற்றிய விரிவுரைகளில் உயிரின் இரகசியம் ஒரு குறியீட்டு எழுத்தாக மூலக்கூறொன்றில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். 1953 இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வந்தது. அதன் பிறகு எல்லோரும் எழுத்தைப் படிக்க ஓடினார்கள். சிக்காகோவில் ஒரு சிலர் மட்டும், அந்த எழுத்தை வாசிப்பவரை யார் செய்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதைக் கேட்பதற்குத் தோதான கணிதமும் அப்போது புதிதாக வந்திருந்தது. பெயர் வகைக் கோட்பாடு. போலந்திலிருந்து 1939 இல் அமெரிக்கா வந்துசேர்ந்த யூதரான சாமுவேல் ஐலன்பேர்க்கும், அமெரிக்கரான சோண்டர்ஸ் மக் லேனும் 1945 இல் அதை முறையாக முன்வைத்தார்கள். பொருட்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. பொருட்களுக்கு இடையே ஓடும் அம்புக்குறிகளையே அது பார்க்கிறது. உயிரியலுக்கென்று உருவானதல்ல. இடத்தியல் என்ற கணிதத் துறையின் தேவைக்காக உருவானது. அதை உயிர்க்கலத்துக்குக் கொண்டுவந்தவர் றோசன்.

போரும் இடப்பெயர்வும் கண்டவர்கள் இத்தனை பேர் இந்தக் கதையில் வருகிறார்கள் என்பதை வைத்து ஒரு தத்துவம் கட்டுவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் எந்த விஞ்ஞானக் கதையை எடுத்தாலும் இதேதான் நிலைமை.

மூன்று அம்புகள்

இனிக் கலத்துக்கு வருவோம். கலம் வெளியிலிருந்து உணவை எடுக்கிறது, அதைத் தனக்குத் தேவையான பொருட்களாக மாற்றுகிறது. உயர்தர உயிரியல் மாணவர்கள் இதை அனுசேபம் என்று படிப்பார்கள். றோசன் இதை ஓர் அம்புக்குறியாக வரைந்தார். ஒருபக்கம் உள்ளே போகும் பொருட்கள், மறுபக்கம் வெளிவரும் பொருட்கள், நடுவில் மாற்றத்தைச் செய்யும் அம்பு. அந்த அம்பு வெறும் கோடல்ல. அது உண்மையான நொதியங்களின் கூட்டம். ஆகவே அதுவும் தேயும், பழுதாகும்.

எனவே இரண்டாவது அம்பு தேவை. அது அனுசேபத்தில் வெளிவந்த பொருட்களை எடுத்து, முதலாவது அம்பைப் புதிதாகச் செய்து தரும். இறைபோசோமும் அதனோடு சேர்ந்த ஏற்பாடுகளும் செய்வது ஏறக்குறைய இந்த வேலையைத்தான். செங்குருதிக் கலத்தில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது அம்பு.

ஆனால் இரண்டாவது அம்பும் தேயுமே? அதைச் செய்ய மூன்றாவது. மூன்றாவதைச் செய்ய நான்காவது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. சைக்கிள் உடைந்தால் திருத்தலாம். திருத்தும் ஸ்பனர் உடைந்தால் லேத் பட்டறையில் இன்னொன்று கடைந்து எடுக்கலாம். லேத்தின் உதிரிப்பாகம் உடைந்தால்? அது வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. எந்த இயந்திரத்தை எடுத்தாலும் இந்தச் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அந்த இயந்திரத்துக்கு வெளியே போய்விடும்.

கலத்தில் அது வெளியே போவதில்லை. வெளியிலிருந்து உணவு வருகிறது, நொதியம் செய்பவர் யாரும் வருவதில்லை. அப்படியானால் சங்கிலி எங்கோ திரும்பித் தன்மேலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். அது தர்க்கரீதியாகச் சாத்தியமா, அல்லது வெறும் வார்த்தை விளையாட்டா? றோசனின் பங்களிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிதானிக்க வேண்டிய இடம் என்று சொன்னதும் இதுதான்.

ஒரு விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: 'எந்த எண்ணைத் தந்தாலும் அதை மூன்றால் பெருக்கு'. இதற்கு 2 ஐக் கொடுத்தால் 6 வரும். வழமையாக நாம் விதியைச் செய்பவராகவும், 2 ஐச் செய்யப்படும் பொருளாகவும் பார்க்கிறோம். இப்போது தலைகீழாகப் பாருங்கள். 'ஏதோ ஓர் எண்ணால் பெருக்கு' என்ற வகை விதிகள் மட்டும்தான் உலகத்தில் உண்டு என்று வைத்துக்கொள்வோம். விதி எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் 2 க்கு விடை 6 என்று சொன்னால், விதி 'மூன்றால் பெருக்கு' என்று உடனே தெரிந்துவிடும். விடை 10 என்றால் விதி 'ஐந்தால் பெருக்கு'. அதாவது இந்த 2 என்ற எண், விடையை வாங்கிக்கொண்டு முழு விதியையும் திருப்பித் தரும் ஒரு கருவியாகிவிட்டது. பொருளாக இருந்ததே செய்பவராக மாறிவிட்டது.

றோசன் செய்ததும் இதுவே. முதலாவது அம்பு தரும் விளைபொருட்களில் ஒன்று, சரியான நிபந்தனையின் கீழ், இந்த 2 போல நடந்துகொள்ள முடியும். அது முதலாவது அம்பை வாங்கிக்கொண்டு இரண்டாவது அம்பைத் திருப்பித் தரும். ஆகவே மூன்றாவது அம்பை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே விளைபொருட்களுக்குள் இருக்கிறது. உணவிலிருந்து விளைபொருள், விளைபொருளிலிருந்து நொதியம், நொதியத்திலிருந்து நொதியம் செய்யும் ஏற்பாடு, அதைச் செய்வது மறுபடியும் விளைபொருள். வட்டம் பூட்டிக்கொண்டது.

நிபந்தனை சாதாரணமானதல்ல. பெருக்கல் விதிகளோடு கூட்டல் விதிகளையும் அனுமதித்திருந்தால் 2 இலிருந்து 6 வருவதற்கு 'நான்கைக் கூட்டு' என்ற வழியும் இருந்திருக்கும், விதியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதாவது கலத்துக்குள் சாத்தியமான ஏற்பாடுகள் மிகவும் இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையான கலங்களில் அது அப்படித்தான் இருக்கிறதா என்பதை றோசன் பரிசோதனையில் காட்டவில்லை. அது இந்தக் கோட்பாட்டின் பெரிய பலவீனம்.

குயவனும் பானையும்

1975 இல் கனடாவின் ஹலிபக்ஸ் நகரிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்துக்குப் போன றோசன், 1991 இல் தனது முக்கியமான நூலை வெளியிட்டார். அதில் அவர் அரிஸ்டோட்டிலின் காரணக் கோட்பாட்டைத் திரும்ப எடுத்தார். சைவநெறிப் பாடம் படித்த எமக்கு இது வேறு பெயரில் தெரிந்த விடயம்தான். பானைக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று படித்திருக்கிறோம். அரிஸ்டோட்டிலின் பட்டியலும் இதுவும் முழுக்க ஒன்றல்ல. ஆனால் குயவன் இருக்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான்.

றோசனின் வரைவிலக்கணம் இது: ஓர் உயிர் என்பது நிமித்த காரணங்கள் எல்லாம் தனக்குள்ளேயே உண்டாகும் ஒழுங்கமைப்பு. மண் வெளியிலிருந்து வரலாம், வரத்தான் வேண்டும். குயவன் மட்டும் பானைக்குள்ளேயே பிறக்கிறான். வைரஸ் ஏன் தனித்து உயிராகாது என்பதற்கு இது தெளிவான பதில் தருகிறது. அதன் குயவன் இன்னொருவரின் கலத்துக்குள் இருக்கிறான்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. இப்படிப் பூட்டிய வட்டத்தை எந்தக் கணினி நிரலாலும் முழுமையாகப் போலச் செய்ய முடியாது, ஆகவே உயிர் இயந்திரமல்ல என்றும் வாதிட்டார். சண்டை தொடங்கியது இங்கேதான். அவரது மாணவர் ஏ. எச். லூயி இதை இன்றுவரை கணிதரீதியாக நியாயப்படுத்தி எழுதுகிறார். மறுபக்கத்தில் டொமினிக் சூ, வெங் கின் ஹோ ஆகிய இருவரும் 2006 இல் றோசனின் நிறுவலில் ஓட்டை இருப்பதாகக் காட்டினார்கள். 2009 இல் மத்தேயோ மொசியோ, ஜுசெப்பே லொங்கோ, ஜோன் ஸ்ருவேட் மூவரும், நிரல் மொழிகளுக்கு அடிப்படையான லம்டா நுண்கணிதத்தில் அதே வட்டத்தை எழுதிக் காட்டினார்கள். எழுத முடிந்தால் கணிக்கவும் முடியும் என்பது அவர்கள் வாதம்.

என் பார்வையில் விமர்சகர்கள் பக்கம்தான் தராசு சாய்கிறது. உயிர் கணினிக்கு அப்பாற்பட்டது என்ற முடிவு, அந்தச் சில அம்புகள் தாங்கக்கூடியதை விட அதிகப் பாரம். ஆனால் அந்த முடிவு விழுந்தாலும் வட்டம் விழவில்லை. ஓர் ஒப்பீட்டைப் பாருங்கள். 2012 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, 525 பரம்பரையலகுகள் கொண்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிற்றேலியம் என்ற சிறு பற்றீரியாவின் வாழ்க்கை வட்டத்தை 28 சிறு மாதிரிகளாகப் பிரித்து, ஒன்றாக இணைத்துக் கணினியில் ஓடவிட்டது. பெரிய சாதனை அது. ஆனால் அந்தக் கணினியின் சில்லு பழுதானால் உள்ளே ஓடும் பற்றீரியா அதைத் திருத்தாது.

பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாவது அம்பைத் 'திருத்தம்' என்றும் மூன்றாவதை 'இரட்டிப்பு' என்றும் றோசன் அழைத்தார். இரண்டுமே குழப்பமான பெயர்கள். கலம் நொதியத்தைத் திருத்துவதில்லை, பழையதை உடைத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. 'இரட்டிப்பு' என்றதும் எல்லோருக்கும் டி.என்.ஏ. ஞாபகம் வருகிறது, அவர் சொன்னது அதையல்ல. பிரான்ஸின் மார்செய் நகரில் பணியாற்றிய உயிர் இரசாயனவியலாளர்கள் அதெல் கோர்னிஷ்-பௌடன், மரியா லூஸ் கார்தெனாஸ், சிலியின் ஹுவான் கார்லோஸ் லெத்தெலியே ஆகியோர் 2006 அளவில் இந்தச் சொற்களைச் சீர்செய்து, எளிய கணித உதாரணங்களையும் கட்டிக் காட்டினார்கள். றோசனை இப்போது வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு அவர்களுடைய எழுத்து நல்ல வாசல்.

இதே வட்டத்தை வேறு பாதைகளில் கண்டவர்களும் உண்டு. ஹங்கேரியின் ரிபோர் கான்ரி 1971 இல் இரசாயனப் பாதையால் வந்தார். சிலியின் உம்பேர்த்தோ மத்துரானாவும் பிரான்சிஸ்கோ வரேலாவும் 1970களின் தொடக்கத்தில் தன்னாக்கம் என்ற கருத்தோடு வந்தார்கள். 1973 இராணுவச் சதிப்புரட்சிக்குப் பின் வரேலா குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. மத்துரானா அங்கேயே இருந்துவிட்டார்.

வட்டத்தை வெட்டினால்

இதெல்லாம் கரும்பலகை விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விடயங்கள்.

முதலாவது மருந்து. ரெற்றாசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றீரியாவின் இறைபோசோமைப் பிடித்து நிறுத்துகின்றன. உணவு உள்ளே போகிறது, அனுசேபமும் உடனே நிற்பதில்லை. ஆனால் புதிய நொதியம் வராது. பற்றீரியா பெருக முடியாமல் தேங்கி நிற்க, மீதியை எமது உடலின் பாதுகாப்புப் படை பார்த்துக்கொள்கிறது. றோசனின் மொழியில் சொன்னால் இரண்டாவது அம்பை வெட்டும் மருந்து. பற்றீரியாவை ஒருவிதத்தில் செங்குருதிக் கலமாக்கிவிடுகிறது எனலாம். எமது கலங்களின் இறைபோசோம் வடிவத்தில் வேறுபட்டிருப்பதால்தான் இந்த வெட்டு எம்மைப் பெரிதாகத் தாக்காமல் போகிறது.

இரண்டாவது, செயற்கை உயிர். 2010 இல் கிரெய்க் வென்ரரின் நிறுவனம் ஒரு பற்றீரியாவின் முழு டி.என்.ஏ.யையும் இரசாயன முறையில் தொகுத்து, இன்னொரு இனப் பற்றீரியாவுக்குள் வைத்து இயக்கியபோது, மனிதன் உயிரைப் படைத்துவிட்டான் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள் வந்தன. ஊடகக்காரன் என்ற முறையில் அந்தத் தலைப்புகளின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் செய்தியின் உள்ளே இருந்தது வேறு. எழுத்து மட்டுமே புதிதாகத் தொகுக்கப்பட்டது. அதை வாசித்த இறைபோசோம்கள், நொதியங்கள், மென்சவ்வு எல்லாம் ஏற்கெனவே உயிரோடிருந்த ஒரு கலத்துடையவை. பூட்டியிருந்த ஒரு வட்டத்துக்குள் புதிய எழுத்து போடப்பட்டது. வட்டத்தை ஒன்றுமில்லாததிலிருந்து பூட்டிக் காட்டியவர் இன்றுவரை எவருமில்லை.

அதே நிறுவனம் 2016 இல் தேவையில்லாதவற்றை எல்லாம் வெட்டியெறிந்து 473 பரம்பரையலகுகளோடு மட்டும் வாழும் ஒரு கலத்தை உருவாக்கியது. அதற்குக் குறைத்தால் வாழாது அல்லது வளர்ச்சி மிகவும் மந்தமாகிவிடும். அந்த 473 இல் 149 என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. பாகப் பட்டியல் முழுமையாகக் கையில் இருக்கிறது, ஒவ்வோர் எழுத்தும் தெரியும். எது எதைச் செய்கிறது என்ற அம்புகள்தான் பல இடங்களில் இல்லை.

அந்தக் கலத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது பிரியும்போது ஒழுங்கான உருண்டைகள் வராமல், கோணல்மாணலான வடிவங்கள் வந்தன. வெட்டியெறிந்தவற்றில் 19 பரம்பரையலகுகளைத் திருப்பிச் சேர்த்தபோது அது சீரானது. அந்த 19 இல் வடிவத்துக்கு அவசியமானவை ஏழு என்று 2021 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஏழில் இரண்டு, கலப்பிரிவோடு தொடர்புடையவை என்று முன்பே தெரிந்தவை. மற்ற ஐந்தும் கலத்துக்குள் சரியாக எதைச் செய்கின்றன என்பது அந்த அறிவிப்பு வெளிவந்தபோதும் தெரிந்திருக்கவில்லை.